இந்த வீடு எடுத்தாச்சு

உள்ள வாம்மா, வெயில்ல நிக்காத. செருப்போடயே வா, இன்னும் கூட்டல. உக்காரு. தண்ணி தரவா, மோரு தரவா? இந்த வேலையில வாசல் வாசலா ஏறி எறங்குனா நாக்கு ஒட்டிக்கிரும். எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாம யாருக்குத் தெரியப் போகுது.

அந்தக் கரண்டு அட்டையப் பாத்துத்தான முழிக்க? ரெண்டு மாசத்துக்கு ஒரு வரி இருக்க வேண்டிய அட்டையில எழுத எடமே இல்லையேன்னு. பக்கத்து வீட்டுப் பிள்ளைக கிறுக்கிருச்சுன்னு இப்ப வாசல்ல வச்சுச் சொன்னேன்ல, அது பொய்யிம்மா. வாயத் தொறந்தா மொதல்ல அதுதான் வருது. பிள்ளைக கிறுக்குனா இப்படியா கோடு பிசகாம இருக்கும்? தேதியப் பாக்காத, தேதி எல்லாம் தப்பு. ரீடிங்கப் பாரு. கடைசி வரி இன்னைக்குக் காலையில எழுதுனது. நீ எடுத்ததோட வச்சுப் பாரு. சரியா இருக்கா? இருக்கும். பெத்த மக பேரு மறந்து போச்சு, சாப்பிட்டது மறந்து போச்சு, மீட்டர்ல ஓடுற நம்பர் மட்டும் தப்பாது.

எங்க வீட்டுக்காரவுக எழுதுனதுதான். பின்னால ரூம்ல படுத்திருக்காக. மெதுவாப் பேசுவோம்.

அந்தா செவுத்துல போட்டோ இருக்கு பாரு. மாலையப் பாத்துட்டுப் பயந்துறாத, அது ரிட்டயர்மெண்டு மாலை. உங்க ஆபீசு ஆளுக போட்டது. கீழ பேரு எழுதியிருக்கும், வாசிச்சுக்கோ. நான் சொல்ல மாட்டேன். கல்யாணம் ஆகி முப்பத்தஞ்சு வருசம், ஆஸ்பத்திரியில சீட்டுப் போடும்போது கூட பக்கத்துல நிக்கிறவுகள விட்டுச் சொல்லச் சொல்லித்தான் பழக்கம். சிரிக்காத. எங்க ஆத்தா அப்படி வளத்துட்டா.

வாசிச்சிட்டியா? அவுகதான். இருபத்தெட்டு வருசம் இதே டவுன்ல அசெசரா ரீடிங் எடுத்தாக. நாலு தடவ நாய் கடிச்சிருக்கு. ஒரு வீட்லயும் கைநீட்டி ஒரு காபி வாங்கிக் குடிச்சதில்ல, தண்ணி மட்டும்தான். கேட்டத் தட்டி "அம்மா, ஈபி!"ன்னு ஒரு சத்தம் குடுப்பாக பாரு, மூணு வீடு தள்ளித் தெரியும்.

அஞ்சு வருசம் ஆச்சு இது ஆரம்பிச்சு. மொதல்ல கண்ணாடியக் காணோம்பாக. பெறகு செருப்பக் காணோம். ஒரு நாள் செருப்பு அரிசி டிரம்முக்குள்ள கெடந்துச்சு. நான் சிரிச்சேன். சத்தியமா அன்னைக்குச் சிரிச்சேன்மா. பெறகு மதுரைக்குக் கூட்டிட்டுப் போயிப் பெரிய டாக்டர்கிட்டக் காட்டுனோம். மூளை சுருங்கிக்கிட்டே வருதுன்னாரு. மருந்து இருக்கான்னு கேட்டேன். தூங்குறதுக்கு இருக்குன்னாரு.

நான் ஒண்ணும் குறை வைக்கலம்மா. அத மொதல்ல சொல்லிர்றேன். பல்லு வெளக்கி விடணும், துப்பச் சொன்னா முழுங்கிருவாக. சட்டப் பட்டன ஒண்ணு மாத்தி ஒண்ணு போடுவாக, அவுத்துப் போட்டு விடணும். ரசஞ்சோறு பெசஞ்சு குடுத்தா அஞ்சு வாய். ஆறாவது வாய்க்கு "நான் சாப்பிட்டாச்சே"ம்பாக. எந்திரிச்சுக் கை கழுவுனதும் "இன்னும் சோறு போடலையா?" "இன்னைக்கு எந்த ஏரியா?"ன்னு நாப்பது தடவ கேப்பாக. மொதப் பத்துத் தடவ பதில் சொல்வேன். பெறகு கத்துவேன். ஒரு நாள் தோச சுட்டுக்கிட்டு இருக்கும்போது கேட்டாகன்னு கையில சட்டுவத்தால ஒண்ணு போட்டுட்டேன். சூடு இல்லம்மா. அவ்வளவு சூடு இல்ல. இத ஏன் உன்கிட்டச் சொல்றேன்னு தெரியல. சொல்ல ஆரம்பிச்சா எல்லாந்தான் வருது.

ஆனா ஒண்ணு, தெருவுல யாருக்கும் தெரியாமப் பாத்துக்கிட்டேன். யாராச்சும் வந்தா "சுகர்ல டயர்டா இருக்காக"ன்னு ரூம் கதவச் சாத்திருவேன். அதுல நான் கெட்டிக்காரி. ஏன் மறைக்கணும்னு கேப்ப. வீட்ல கல்யாண வயசுல ஒரு பொண்ணு இருக்கும்மா. கோமதி. அப்ப அவளுக்கு இருபத்தொம்போது முடியப் போகுது. அப்பனுக்கு மூளையில கோளாறுன்னு வெளிய தெரிஞ்சா எவன் வருவான்? "வம்சத்துல இருக்கோ, நாளைக்குப் பொண்ணுக்கும் வருமோ"ன்னுதான கேப்பான். நீயும் ஒரு பொம்பளப் பிள்ளையப் பெத்திருந்தா இதத்தான் செஞ்சிருப்ப. செஞ்சிருக்க மாட்டியா? சரி, விடு.

ஒன்றரை வருசத்துக்கு முன்னால அருப்புக்கோட்டையில இருந்து ஒரு எடம் வந்துச்சு. மாப்பிள்ள பேங்க்ல. ஜாதகம் பொருந்தி, போட்டோவும் புடிச்சுப் போயி, ஒரு ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்க வாரோம்னுட்டாக. ஜாதகம் பொருந்தி வந்தது அது ஒண்ணுதான்மா. எங்க அண்ணன் பரமசிவந்தான் யோசனை சொன்னது. "ஏ பேச்சி, உன் வீட்டுக்காரர சபையில உக்கார வைக்காத. எதாவது பேசி வச்சார்னா முடிஞ்சது"ன்னான். அண்ணன் சொன்னதுக்குத் தலையாட்டுனேன். நான் செஞ்சது அவ்வளவுதான்.

அன்னைக்குக் காலையில அவுகளக் குளிப்பாட்டி, வெள்ளச் சட்ட போட்டு, பாக்கெட்ல ரெண்டு பேனாவும் குத்தி விட்டேன். சபைக்கு வரலைன்னாலும் நல்ல நாள் இல்லையா. பின்னால ரூம்ல உக்கார வச்சு, ஆபீசுல வச்சிருந்த அந்தக் கிளிப்பு வச்ச பேடையும் கையில குடுத்தேன். அதக் குடுத்தா ரெண்டு மணி நேரம் சத்தம் இருக்காது. நம்பர் எழுதி எழுதிக் கூட்டிக்கிட்டே இருப்பாக. வெளிய வந்து தாப்பாப் போட்டேன்.

அந்த ரூமுக்குக் கொல்லப் பக்கம் இன்னொரு கதவு இருக்கு. நானே கட்டுன வீடு, நானே மறந்துட்டேன். மறதி நோய் அவுகளுக்காம்.

எட்டுப் பேரு வந்தாக. மாப்பிள்ளையோட அம்மா நல்ல மாதிரி, வந்ததும் வராததுமா "மதினி, மதினி"ன்னு கையப் பிடிச்சுக்கிட்டாக. மாப்பிள்ளையோட பெரியப்பா ஒருத்தர், அவருதான் கேட்டாரு, "பொண்ணோட அப்பாவ எங்க காணோம்?"னு. அண்ணன் என்னயப் பாத்தான். நான், "ஒரு அவசர சோலியா வெளியூர் போயிருக்காக"ன்னேன். "பொண்ணு பாக்க வர்ற அன்னைக்கா?"ன்னாரு. "போன எடத்துல மாட்டிக்கிட்டாக, வந்துருவாக"ன்னேன். சரின்னுட்டாரு. நானும் கேசரித் தட்ட நீட்டிட்டேன். முடிஞ்சது பாடுன்னு நெனச்சேன்.

கேட்டு சத்தம். "அம்மா, ஈபி!"

ஏம்மா, அந்தச் சத்தத்த எத்தன வருசம் கேட்டிருப்பேன். என் வீட்டுக் கேட்ல நின்னு கேட்டதில்ல. கொல்லக் கதவத் தொறந்து, சந்து வழியா சுத்தி வந்து, வாசல்ல நிக்காக. வெள்ளச் சட்ட, ரெண்டு பேனா, பேடு. பாத்தா சர்வீசுல இருக்கிற ஆளு மாதிரியே இருக்கு. நேரா வந்து மீட்டர் பொட்டிக்குக் கீழ நின்னு அண்ணாந்து பாக்காக. சபையில எட்டுப் பேரும் திரும்பிப் பாக்குறாக.

மாப்பிள்ளையோட அம்மா, "யாரு மதினி?"ன்னாக.

நான் யோசிக்கக் கூட இல்லம்மா. யோசிச்சிருந்தா வேற எதாவது சொல்லியிருப்பேன். வாய் தானா சொல்லிருச்சு. "ஈபி ஆளு. ரீடிங் எடுக்க வந்திருக்காரு"ன்னேன். முப்பது வருசத்துக்கு மேல "அவுக, இவுக"ன்னு சொன்ன வாயிம்மா இது. ஆளுன்னு சொன்னது அன்னைக்குத்தான்.

அவுக திரும்பி என்னயப் பாத்தாக. நான் தலையக் குனிஞ்சுக்கிட்டேன்னு நெனைக்கியா? இல்ல. நேரா மொகத்தப் பாத்து, "சீக்கிரம் எடுத்துட்டுப் போங்க சார், வீட்ல விருந்தாளி இருக்காக"ன்னேன். அவுக மொகம் அப்படியே தெளிஞ்சு போச்சும்மா. நோய் வந்த பெறகு அப்படித் தெளிஞ்சு நான் பாத்ததில்ல. தான் யாருன்னு யாரோ சொல்லிட்டாகள்ல. "ஒரே நிமிசம்மா"ன்னு மருவாதியா சொல்லி, அட்டைய எடுத்து, ரீடிங்கப் போட்டு, "பத்திரமா வைங்க"ன்னு என் கையிலயே குடுத்துட்டு வெளிய போயிட்டாக. கேட்டச் சாத்திக் கொண்டியும் போட்டுட்டுத்தான் போனாக.

அந்தப் பெரியப்பா சும்மா இருந்தாரா? "ஞாயித்துக்கெழமையா ரீடிங் எடுக்குறாங்க?"ன்னாரு. "இங்க அப்பப்ப லீவு நாள்லயும் வருவாக"ன்னேன். ஒரு பொய்யி உள்ள வந்தா அது உக்கார இன்னொன்னு நாற்காலி போட வேண்டியிருக்கு.

செருப்புச் சத்தம் பைபாஸ் ரோட்டுப் பக்கம் போகுது. எனக்குக் கேக்குது. அண்ணனுக்கும் கேக்குது. லாரி போற ரோடும்மா அது. எந்திரிச்சுப் போயிருக்கலாம்ல? அண்ணனையாவது கண்ணக் காட்டி அனுப்பியிருக்கலாம்ல? வடைக்குச் சட்னி ஊத்திக்கிட்டு இருந்தேன். "இன்னொன்னு வச்சுக்கோங்க"ன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன். அஞ்சு நிமிசத்துல இவுக பொண்ணப் பாத்துருவாக, பத்து நிமிசத்துல கெளம்பிருவாக, பெறகு தேடிக்கலாம்னு மனசு கணக்குப் போடுது.

கோமதி காபித் தட்டோட வந்தா. பச்சப் பட்டு, தலை நெறயப் பூவு. உள்ள ஜன்னல் வழியா எல்லாத்தயும் பாத்திருக்கா போல. காபியக் குடுக்கல. நடுச் சபையில நின்னு, "அப்பா எங்கம்மா?"ன்னா.

"மொதல்ல காபியக் குடு"ன்னேன்.

"அப்பா எங்க போனாரு?"ன்னா மறுபடியும். நான் பல்லக் கடிச்சுக்கிட்டு, "அதான் வெளியூர் போயிருக்காகள்ல"ன்னேன். தட்டத் தரையில வச்சா. வச்சுட்டு, கால்ல செருப்புக் கூட இல்லாம, பட்டுச் சேலையத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ரோட்டுல ஓடுறா.

எனக்கு அவ மேலதான் கோவம். இன்னைக்கு வரைக்கும். அஞ்சு நிமிசம் பொறுத்திருந்தான்னா இந்நேரம் இடுப்புல ஒரு பிள்ள இருந்திருக்கும். அஞ்சே நிமிசம்.

மாப்பிள்ளையோட அம்மா எந்திரிச்சுட்டாக. காபியத் தொடல. வாசல் வரைக்கும் போயி, திரும்பி வந்து என் பக்கத்துல நின்னு மெதுவாச் சொன்னாக. சத்தமாச் சொல்லியிருந்தாக் கூடத் தேவலை. "எங்க மாமனாரும் ஆறு வருசம் இப்படித்தான் இருந்தாக. நான்தான் குளிப்பாட்டுனேன், நான்தான் ஊட்டுனேன். சொல்லியிருந்தீங்கன்னா உக்காந்து பேசியிருப்போம். போங்க, போயி உங்க வீட்டுக்காரரத் தேடுங்க"ன்னாக. வரும்போது மதினின்னாக. போகும்போது "வர்றோங்க"ன்னாக.

தேடிப் போனேன். மூணாவது தெருவுல கோமதி அவுக கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வாரா. பதினோரு வீடு ரீடிங் எடுத்திருக்காக. ஒவ்வொரு வீட்டு ஆளுகளும் அட்டைய எடுத்துக் குடுத்திருக்காக, தண்ணி குடுத்திருக்காக, "வெயில்ல பாத்துப் போங்க சார்"னு சொல்லியிருக்காக. ஒரு வீட்ல கூட "நீங்க ஈபி இல்லையே"ன்னு சொல்லல. அப்ப எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. தெருவுக்கே தெரியும்மா. நான் மறைச்சேன் மறைச்சேன்னு இருக்கேன், தெருவே என்கிட்ட மறைச்சிருக்கு.

வீட்டு வாசல் வந்துச்சு. அவுக நின்னுட்டாக. கோமதி, "உள்ள வாங்கப்பா"ங்கிறா. அசையல. பேடைத் திருப்பிப் பாத்துட்டு என்கிட்டச் சொன்னாக:

"இந்த வீடு எடுத்தாச்சும்மா."

எவ்வளவு கெஞ்சினாலும் வரல. எடுத்த வீட்டுக்குத் திரும்ப எப்படி வருவாக? கடேசியில நான்தான், "சாப்பாட்டு நேரம் ஆச்சு, ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க சார்"னேன். அதுக்கும் தயங்கித் தயங்கித்தான் வந்தாக. சோத்தப் போட்டா, "வீட்டுக்காரரு இல்லாத நேரத்துல..."ன்னு கூச்சப்படுறாக. கோமதி அடுப்படியில நின்னு வாயப் பொத்திக்கிட்டு அழுதா.

ரெண்டு நாள்ல மறந்துருவாகன்னு நெனச்சேன். எல்லாத்தயும் மறக்குற மனுசன், இத மட்டும் மறக்கல. இப்ப தினமும் ஒண்ணு, ரெண்டு தடவ அதே கதைதான். எந்திரிப்பாக, சட்ட போடுவாக, கொல்லக் கதவு வழியா சுத்தி வந்து கேட்டத் தட்டுவாக. ரீடிங் எடுப்பாக. அட்டையில இருக்கிற பேர வாசிச்சு, "இவரு யாரும்மா, உங்க வீட்டுக்காரரா?"ம்பாக. "ஆமா சார்"பேன். "ஆளையே பாக்க முடியலையே"ம்பாக. "வெளியூர் போயிருக்காக"ம்பேன். வேற என்னத்தச் சொல்ல? பொழுது சாஞ்சா, "பஸ்ஸு போயிருச்சு, இங்க ஒரு ஓரமாப் படுத்துக்கலாமா?"ன்னு கேட்டுட்டுத்தான் படுப்பாக. அவுக கட்டில்ல.

குளிப்பாட்டுறதுதான்மா முடியல. முன்னால பிள்ள மாதிரி நிப்பாக. இப்பச் சட்டையக் கழத்த விட மாட்டேங்கிறாக. அந்நியப் பொம்பள முன்னால எப்படிக் கழத்துறதுன்னு ரெண்டு கையையும் நெஞ்சுல கட்டிக்கிறாக. நான் யாருன்னு சொல்லி இழுக்கப் போனா மூலையில போயி ஒடுங்குறாக. அண்ணன் வந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஊத்தி விடுறான். அந்நேரம் நான் வெளிய நின்னுக்கிருவேன். தண்ணி விழுகுற சத்தத்தக் கேட்டுக்கிட்டு நிப்பேன்.

அண்ணன் யோசனைன்னு சொன்னேன்ல. அதுலயும் பாதி பொய்யி. ரூம்ல இருக்கட்டும்னுதான் அவன் சொன்னான். "கேட்டா ஒடம்பு சரியில்லன்னு சொல்லிருவோம்"னான். வெளியூர்னு சொன்னது நான். ஆளுன்னு சொன்னதும் நான்.

கோமதி இப்ப கோயம்புத்தூர்ல ஒரு கம்பெனியில இருக்கா. தினமும் போன் போடுவா. எடுத்ததும் "அப்பாகிட்டக் குடு"ன்னுதான். சாப்பிட்டியான்னு கூட என்னயக் கேக்குறதில்ல. இதுக்கா பெத்தேன்? ஊருக்குப் போறதுக்கு மொத நாள் கேட்டேன், ஏன்டி இப்படி இருக்கன்னு. "எனக்கு இந்த நோய் வந்தா என்னய யாருன்னு சொல்லுவ?"ன்னா. வெடுக்குன்னு பேசுற புத்தி, அப்படியே அவ அத்தக்காரி மாதிரி.

அதுல இருந்து ஒண்ணு நெனச்சுக்கிட்டு இருக்கேன்மா. யாராவது ஒரு வெளியாளு முன்னால, அவுகளையும் பக்கத்துல வச்சுக்கிட்டு, ஒரு தடவ சொல்லிரணும், இவுகதான் என் வீட்டுக்காரவுகன்னு. பொய்யயும் அப்படித்தான சொன்னேன், நாலு பேரு முன்னால? ஒன்றரை வருசம் ஆச்சு. கேஸு சிலிண்டர் போடுறவரு வாராரு, ரேசன் கார்டு சரி பாக்க வாராக. ஒவ்வொரு தடவையும் தொண்ட வரைக்கும் வந்து, "ஈபி சார்"னுதான் வெளிய விழுகுது.

இரு. கொல்லக் கதவு சத்தம். எந்திரிச்சுட்டாக. நீ போயிறாதம்மா, உக்காரு. உனக்கு எத்தன வீடு பாக்கி கெடந்தாலும் ரெண்டு நிமிசம் உக்காரு. இன்னைக்குச் சொல்லிர்றேன்.

கேட்டுச்சா சத்தம்? மூணு வீடு தள்ளித் தெரியும்னேன்ல.

வாங்க. உள்ள வாங்க. இல்ல, அட்ட இவுக கையில இருக்கு. இவுக யாரா? புதுசா வந்திருக்காக, உங்க ஆபீசுதான். நீங்க பாத்த அதே வேலைதான் பாக்குறாக. பாத்தியா, உனக்குக் கும்புடு போடுறாக. பதிலுக்குப் போடும்மா.

ஏம்மா, இவுக... இருங்க, நீங்க போகாதீங்க, நில்லுங்க. ஏம்மா, இவுகதான் என் வீட்டுக்காரவுக. இவுக பேரு சங்கரலிங்கம். அசெசர் சங்கரலிங்கம். பாத்தியா, பேரையே சொல்லிட்டேன். ஏங்க, உங்களத்தான் சொல்றேன். இங்க பாருங்க. சங்கரலிங்கம் நீங்கதாங்க. இது உங்க வீடு. நான் அன்னைக்குச் சொன்னது பொய்யி.

என்ன சொல்றாக, கேட்டுச்சா உனக்கு? என்கிட்டப் பேசும்போது மெதுவாத்தான் பேசுவாக. "தப்பா சொல்றீங்கம்மா, அவரு வெளியூர் போயிருக்காருன்னு நீங்கதான சொன்னீங்க"ங்கிறாக. "தனியா இருக்கிற பொம்பள, யாரையும் இப்படிச் சொல்லக் கூடாது"ங்கிறாக. அவரு திரும்பி வந்ததும் அட்டையக் காட்டணுமாம், மறக்காமக் காட்டணுமாம்.

சரிங்க சார். வந்ததும் காட்டுறேன்.